கங்காணி சொன்ன முடிவு

கடைசிக் கேள்விக்கு முன்னால் கந்தப்பன் கங்காணியின் மகள் பூரணியும் டிக்கோயாக்காரர்களும் சமமாக நின்றார்கள். அட்டன் வாசகசாலையில் பழைய படங்களைப் பற்றிய போட்டி. கடைசிக் கேள்வி பூரணிக்கு; சரியாகச் சொன்னால் கிண்ணம் அவளுக்கு, தப்பினால் டிக்கோயாவுக்கு. தம் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு கிண்ணம் வருமானால் அது தம் வீட்டுப் பெண்ணின் கையால்தான் வரவேண்டும் என்று, தலைப்பாகை கலையாமல் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் கந்தப்பன்.

போட்டியை நடத்திய லோரன்ஸ் மாஸ்டர் துண்டுத்தாளைப் பிரித்தார்.

“ஐம்பத்தெட்டுல இங்க ஓடுன அண்ணன் தம்பி படம். கடைசியில அண்ணன் என்ன ஆகிறாரு?”

பூரணி யோசிக்கவே இல்லை. “தம்பி கையில வீட்டுச் சாவியக் குடுத்துட்டுக் காசிக்குப் போயிடுவாரு.”

“தப்பு. ஜெயில்ல செத்துப்போறாரு.”

கந்தப்பன் எழுந்துவிட்டார். “என்ன மாஸ்டர் பேசுறீங்க? எங்க தோட்டத்துல வந்து கேளுங்க. சின்னப் புள்ளகூட இந்தக் கதையச் சொல்லும்.”

“சின்னப் புள்ளைக்கு யாரு சொன்னா, பெரியவரே?” என்றான் டிக்கோயா அழகுமுத்து.

“நான் சொன்னேன்டா!”

வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தைப் பூரணி நீட்டினாள். லோரன்ஸ் கதைச்சுருக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். கொலைப்பழியோடு அண்ணன் கோர்ட்டில் நிற்கிறான். அதற்கு மேல், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க.’

“நானும் படம் பாக்கலம்மா. கண்டியில இருந்து எழுதி அனுப்புனத வாசிக்கிறேன். கடைசி வரைக்கும் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?”

ஒரு கையும் உயரவில்லை. வயதானவர்கள் எல்லாம் கடைசி பஸ்ஸுக்காகப் பாதியில் ஓடியவர்கள். இளசுகள் அன்றைக்குப் பிறக்கவே இல்லை.

“அப்ப ஐயா ஒருத்தர்தான் சாட்சி. கடைசி வரைக்கும் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுட்டு மார்க்க உங்க மகளுக்கே போடுறேன்.”

கந்தப்பனுக்கு லோரன்ஸின் மேல் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு என்று சொன்னவன் அதோடு விட்டிருந்தால், மண்டபம் அதிரச் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். சத்தியத்துக்கு அழைக்கிறானே!

அன்று திரையில் அண்ணன் கோர்ட்டில் நின்றபோது வெளியே தோட்டத்து லொறி ஹோர்ன் அடித்தது. கூட வந்த இருபது பேரையும் எழுப்பிக் கூட்டிப்போனவர் அவர்தான். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெண்கள் சூழ்ந்துகொண்டு முடிவைக் கேட்டார்கள். தெரியாது என்று கங்காணி சொல்வதா? அண்ணனைக் காசிக்கு அனுப்பிவிட்டார்.

கதை சொன்னது வேறு. சபையில் சாட்சி சொல்வது வேறு. அவர் குடும்பத்தில் யாரும் பொய்ச்சாட்சி சொன்னதில்லை.

“பாக்கல,” என்றார். “லொறி வந்துருச்சு. எந்திரிச்சுப் போயிட்டேன்.”

“அப்ப காசி?” என்றாள் பூரணி.

“நானாச் சொன்னது.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பூரணி சிரிக்கவில்லை. “ஊரு கேட்டுச்சு, சொன்னீங்க. என்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாமேப்பா.”

“ஒக்காரும்மா.”

அவள் உட்காரவில்லை. பாட்டுப் புத்தகத்தை அவருடைய நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அந்தப் படத்தைக் கண்ணாலும் பார்க்காத டிக்கோயாப் பையன்கள் கிண்ணத்தை வாங்கினார்கள். அழகுமுத்து அதைத் தலைக்கு மேல் தூக்கி, “வாங்கடா, காசிக்குப் போவோம்!” என்று கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். சபை மரியாதை என்று ஒன்று இருக்கிறதே; கந்தப்பனும் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார்.