ஐஸில் வந்த நாலு துணுக்கு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அன்றைக்கு அது செல்லம்மா தலையில் விடிந்தது.

செல்லம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். அவர் கணவர் மாரியப்பனுக்குத் திருவொற்றியூரில் எண்டோஸ்கோபி செய்து, இரைப்பையிலிருந்து கிள்ளியெடுத்த நாலு துணுக்குகளைக் குப்பியில் போட்டு, ராயபுரத்தில் இருக்கும் எங்கள் லேபுக்குச் செல்லம்மா கையிலேயே கொடுத்தனுப்பியிருந்தார்கள். பை நிறைய ஐஸ், நடுவில் குப்பி. திறந்தால் பார்மலின் ஒரு சொட்டு இல்லை. ஈரக் காகிதத்தில் கடுகு கடுகாக நாலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதுல இருந்த மருந்து எங்கக்கா?"

"கொட்டிட்டேன் தங்கச்சி. மூடி ஒழுகி நாத்தம் கெளம்பிச்சு. எனுக்குத் தெரியாத நாத்தமா? களவாணிப் பசங்க அழுவின மீனுக்கு அடிக்கிறது, பொணத்துக்கு ஊத்துறது. உசுரோட கீற மன்சன் சதைல அத்த ஊத்திகினு வர மனசு வர்ல. அதான் வழியில ஐஸ் வாங்கி வெச்சேன்."

"சதை கெடாம இருக்கத்தான் அதை ஊத்துறாங்க! மொத்தத்தையும் கெடுத்து வச்சிட்டீங்க. போங்க, அவரைக் கூட்டிட்டுப் போய் மறுபடியும் எடுத்துட்டு வாங்க."

அவர் முகம் செத்துவிட்டது.

"அது வராது. கொழாவப் புட்சு இழுத்துட்டு, கழுத்த அறுத்தாலும் இனிமே வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லிட்ச்சு. ரெண்டு மாசமா ரத்தமா வாந்தி எடுத்துகினு கீது. இன்னா நோவுன்னே தெரியாம பூடும். எப்டியாச்சும் இத்த வெச்சே பாத்துச் சொல்லு."

இரைப்பைச் சதை பொல்லாதது. வெளியே எடுத்துப் போட்டால் தன்னைத் தானே செரித்துக்கொள்ளும். மருந்தைக் கொட்டி ஒரு மணி நேரமாவது ஆகியிருந்தது. புது பார்மலினில் போட்டேன், ஆனால் நம்பிக்கை இல்லை.

அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் செல்லம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே கேள்விதான்.

"கெடுத்துட்டேனா தங்கச்சி?"

"தெரியாது," என்றேன். வாய் கூசாமல் அப்படித்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மெழுகுக் கட்டியில் பதித்திருந்த துணுக்குகளை மூன்றாம் நாள் சீவ உட்கார்ந்தேன். சீவும் இயந்திரத்தின் சக்கரத்தை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினால் சதை மெழுகோடு குப்பைக்குப் போய்விடும், அப்புறம் வேறு சதை கிடையாது. பதினோரு வருட அனுபவம், ஆனாலும் ஒவ்வொரு சுற்றையும் எண்ணி எண்ணிச் சுற்றினேன். இழை இழையாக வந்ததை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி, சாயம் ஏற்றி, டாக்டர் அப்துல் வஹாப் மேஜையில் வைத்தேன். நகராமல் அங்கேயே நின்றேன்.

அவர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"ரூத், ஐஸ்ல வந்த கேஸ் இதுதானே?"

"ஆமா சார். கெட்டுப்போச்சா?"

"கெடவே இல்லம்மா. பார்மலின்ல வர்றதே சில நேரம் இவ்வளவு தெளிவா இருக்காது."

அப்பாடா என்றிருந்தது. படிக்கட்டுக்கு ஓடப்போனேன்.

"இரு," என்றார். கண்ணை எடுக்கவில்லை. "நாலுல மூணுல கேன்சர் இருக்கு."

செல்லம்மாவை உள்ளே கூப்பிட்டு அவரே சொன்னார். பதமாகத்தான் சொன்னார், எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், இன்னும் என்னென்ன செய்யலாம் என்பது வரைக்கும். செல்லம்மா அவரைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நாந்தான மருந்தக் கொட்னேன்? சதை கெட்டுப்பூட்ச்சு, அதான் அப்டிக் காட்டுது. நீதான சொன்ன, மொத்தமும் கெடுத்துட்டேன்னு? என் தப்புதான தங்கச்சி? சொல்லு அவருகிட்ட."

அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"இல்லக்கா. நீங்க எதையும் கெடுக்கல. நல்லாத்தான் வச்சிருந்தீங்க."

இத்தனை நாளாகப் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் என்னிடம் கேட்டது இந்தப் பதிலைத்தான். கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார்.