கொட்டாஞ்சேனைச் சிவப்பு

கொழும்பில் ஆண் தேன்சிட்டின் நெஞ்சு நிறம் இடத்துக்கு இடம் வேறு. முகத்துவாரத்தில் மஞ்சள், கொட்டாஞ்சேனையில் குங்குமச் சிவப்பு, பம்பலப்பிட்டியில் பச்சை, வெள்ளவத்தையில் நல்ல நீலம். பெட்டைக்கு எங்கும் ஒரே மண்நிறம்தான். அதற்கு இந்தச் சோலி இல்லை. பம்பலப்பிட்டியில் பச்சையாகப் புறப்படும் குருவி, கால்வாயைத் தாண்டி வெள்ளவத்தை மதிலில் குந்தும்போது நீலமாகியிருக்கும். பஸ் இலக்கத்தைப் போல இதையும் சனங்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள். நின்று வியக்க யாருக்கு நேரம்?

யோகேஸ்வரி கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்கு வந்தது கணவர் தயாபரனின் வைத்தியத்துக்காக. பாரிசவாதம் அவருடைய எழுத்தையும் இடப்பெயர்களையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. கடைப் பலகை வாசிக்கமாட்டார், குடியிருக்கும் ஒழுங்கையின் பெயர் சொல்லமாட்டார். நிறங்கள் மட்டும் மிஞ்சின. புது வீட்டில் பால் காய்ச்ச ஐயர் குறித்த நேரம் தவறிவிடுமே என்ற அந்தரத்தில், செவ்வரத்தைப் பூச்சாடியில் தேன்சிட்டின் கூடு தொங்குவதைப் பார்க்காமலே யோகேஸ்வரி அதை லொறியில் ஏற்றிவிட்டாள். குஞ்சுகளுக்காகத் தாயும் தகப்பனும் காலி வீதி நெடுக லொறிக்குப் பின்னாலேயே பறந்துவந்தன. தகப்பன் வழியிலேயே நீலமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கடலோரத் தண்டவாளத்தைப் பார்த்த மூன்றாம் மாடிப் பல்கனியில் மாதக்கணக்காகச் சிவப்பாகவே நின்றது. வீட்டுக்கு ஆகாது, சாடியை யாருக்காவது கொடுத்துவிடு என்று மாடிக்கு மாடி புத்தி சொன்னார்கள். தயாபரன் அதன் அருகில் கதிரையைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் சந்தோஷமாக இருந்ததால், அவள் ஒரு காதால் கேட்டு மறு காதால் விட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவள் குளித்துவிட்டு வரும்போது கதிரை வெறுமையாக இருந்தது, கதவு திறந்து கிடந்தது. ஒழுங்கை ஒழுங்கையாக ஓடினாள். சந்தையிலும் கோயிலிலும் விசாரித்தாள். அவர் கழுத்தில் கட்டிவிட்டிருந்த போன் பின்னேரம்தான் பதில் தந்தது.

“எங்கயப்பா நிக்கிறீங்கள்?”

“சிவப்புக் குருவியிட்ட.”

சிவப்பென்றால் கொட்டாஞ்சேனை. வீட்டைப் பூட்டிவிட்டு அழுதுகொண்டே ஓட்டோ பிடித்தாள். பழைய அயலவர் பிறெடி அவளைச் சந்தி சந்தியாகக் கூட்டிக்கொண்டு திரிந்தார். மரத்துக்கு மரம் சிவப்புக் குருவி இருந்தது, தயாபரன் இல்லை. இருட்டினால் நிறம் தெரியாது. பிறகு அவரிடம் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. மறுபடி அழைத்தபோது போனுக்குள் தண்டவாளம் தடதடக்க ஒரு கோச்சி கூவியது.

“அங்க கோச்சி போகுதே?”

“ஓம். கடலுக்குப் பக்கத்தால போகுது.”

யோகேஸ்வரி சந்தியில் நின்றபடி தலையில் கை வைத்தாள்.

“பிறெடி அண்ணை, அவர் எங்கட வீட்டடியில இருக்கிறார்.”

அவர்களுடைய பல்கனிக்கு நேர் கீழே, பின்பக்க மதிலோரம், தயாபரன் காலில் புழுதியோடு இருந்தார். தலைக்கு மேலே குருவி கத்திக்கொண்டிருந்தது.

“எல்லா இடமும் நீலமாக் கிடந்தது, நடந்துகொண்டே இருந்தன். சிவப்பைக் கண்டதும் இருந்திட்டன்,” என்றார். “எங்கட வீடுதானே.”

யோகேஸ்வரி சனம் பார்க்க, பல்கனியை நோக்கிக் கைகூப்பினாள். தன் நிறத்தை மாற்றாமல் அவளுக்காகவே அது வைத்திருந்ததாக நினைத்து நன்றி சொன்னாள்.

மாடிக்காரர் பிறகு சாடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் அந்த ஒழுங்கையில் பொரித்த ஆண் குஞ்சுகளெல்லாம் சிவப்பு. சிவப்பு ஒழுங்கை என்றால் ஓட்டோக்காரர் இப்போது கேள்வி கேட்காமல் கொண்டுவந்து இறக்குகிறார்கள். தயாபரன் தனியாகப் பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கிவருகிறார். விடிந்ததும் யோகேஸ்வரி இரண்டு கோப்பை எடுக்கிறாள். ஒன்றில் தேத்தண்ணி, மற்றதில் சீனித் தண்ணி. முதலில் குருவிக்கு. தயாபரன் தன் முறை வரும்வரை கதிரையில் காத்திருக்கிறார்.