முறைப்படி விதைத்த வயல்

திட்டிவிட்டால் தேவலை. நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டால்கூடப் பரவாயில்லை. 'உன் பேச்சைக் கேட்டுத்தான் நாசமாப் போனேன்' என்று ஒரு வாக்கியம் போதும், இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அந்த அக்கா திட்ட மாட்டார். முதலில் உட்காரச் சொல்வார். அப்புறம் தண்ணீர் கொடுப்பார்.

வாய்க்கால் ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தும்போது அவள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வேளாண்மை அலுவலகத்தில் களப்பணியாளராகப் பதினோரு வருடம். விவசாயிகளுக்குச் சொல்வதுதான் அவள் வேலை. விளைவதும் விளையாமல் போவதும் அவர்கள் வேலை.

இந்தப் பக்கத்தில் முதல் பெருமழை பெய்து ஓய்ந்த பிறகுதான் மக்காச்சோளம் விதைப்பார்கள். இந்த வருடம் அலுவலகம் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடித்தது. புதிய ரகம், மழைக்குப் பதினைந்து நாள் முன்பே விதைக்க வேண்டும், மகசூல் ஒன்றரை மடங்கு. சோதனைக்காக ஊருக்கு இரண்டு பேரிடம் விதை கொடுத்தார்கள். நன்றாக வந்தால் அடுத்த வருடம் வட்டாரத்தில் முந்நூறு குடும்பங்களுக்கும் அதே விதை, அதே தேதி.

பிரசுரம் எழுதியவர்கள் மேட்டு நிலத்துக்காரர்களாக இருந்திருக்க வேண்டும். இங்கே களிமண். ஒரு நாள் பெய்தால் நாலு நாள் தண்ணீர் நிற்கும்; இளம் பயிர் வேரோடு அழுகும். அவளுக்கு அது தெரியும். கூட்டத்தில் கேட்பதற்காகக் கேள்வியைக் கையில் எழுதிக்கூட வைத்திருந்தாள். கேட்கலாம் என்று நிமிர்ந்தபோது டீ வந்துவிட்டது. டீ குடித்த கையோடு கூட்டம் கலைந்தது. மறுநாள் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, எல்லாரிடமும் நல்ல குரலில் விளக்கினாள்.

"வாங்க மேடம். வெயில்ல வந்திருக்கீங்க, உட்காருங்க" என்றார் அக்கா. தண்ணீரும் வந்தது.

ஊரில் அவருக்கு நோட்டுக்காரி என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் மகனின் பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைத்துக்கொள்வார். இவள் சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதி, செய்து முடித்ததும் பக்கத்தில் ஒரு சரி போட்டிருந்தார். நோட்டு முழுக்கச் சரி. வீட்டுக்குப் பின்னால் வயல் முழுக்க முழங்கால் உயரத்தில் மஞ்சளாகக் குச்சிகள். பாதிக் குச்சிகள் சாய்ந்துவிட்டன.

"தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன் மேடம்" என்றார் அக்கா. குரலில் லேசான பெருமைகூட இருந்தது. "ஆறாம் நாள் காலையில தண்ணி பாய்ச்சுங்கன்னு சொன்னீங்க. அன்னிக்குக் கரண்ட் இல்ல. சாயங்காலம்தான் பாய்ச்சினேன். அதான் இப்படி ஆயிருக்கும்."

"அதனால எல்லாம் இல்லக்கா."

"இல்ல மேடம், நீங்க எனக்காகச் சொல்றீங்க."

இப்போது சொல்லலாம். 'உங்க மண்ணுக்கு இது ஒத்துவராதுன்னு எனக்கு முன்னாலேயே தெரியும்' என்று சொல்லலாம். அந்த வாக்கியம் தொண்டை வரை முழுசாக வந்தது. வாயைத் திறந்தபோது வேறொன்று வெளியே வந்தது.

"இந்த வருஷம் மழை ரொம்ப அதிகம்க்கா."

வானத்தின் மேல் பழி போடுவது எவ்வளவு வசதி என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. வானம் மனு கொடுக்காது.

அக்கா நோட்டை மூடினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். புது விதை வருதேன்னு வீட்ல இருந்த பழைய விதையை எல்லாம் அரைச்சுட்டோம். இப்ப ஒரு பிடி விதை இல்ல. அடுத்த போகத்துக்கு என்ன செய்யறது?"

"அலுவலகம் தரும்க்கா. சொன்னபடி செஞ்சு பயிர் போனவங்களுக்கு நம்ம ஊரு ரகமா மறுபடியும் விதை உண்டு. விதியிலேயே இருக்கு."

"நான் சொன்னபடி செஞ்சேன்னு நீங்க எழுதுவீங்கல்ல?"

"நான்தானே எழுதணும்."

இன்று முதல் தடவையாக முழு உண்மை சொன்னோம் என்று நினைத்துக்கொண்டே சாலைக்கு வந்தாள்.

சாலையோரம் அலுவலக ஜீப் நின்றிருந்தது. ஓட்டுநர் ஒரு தகரப் பலகையை மண்ணில் நட்டு, சுற்றிலும் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். 'மாதிரி வயல். முறைப்படி விதைத்தது.' பலகைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம், ஒவ்வொரு கதிரும் முழங்கை நீளம். அதன் முன்னால், எதையோ பறிகொடுத்தவர் போல அந்த வயலின் சொந்தக்காரர் நின்றிருந்தார்.

அவரை ஊரில் எதிர்க்கட்சி என்பார்கள். பாடம் நடத்த வந்தவள் என்று இவளை டீச்சர் என்றே கூப்பிடுவார்; என்ன சொன்னாலும் வேண்டாம் என்பார். விதைப் பை கொடுத்த அன்று மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். அவளுக்கு அப்போதே சந்தேகம்.

"வாங்க டீச்சர். உங்க ஆளுங்ககிட்டச் சொல்லி இந்தப் பலகையைப் பிடுங்கச் சொல்லுங்க" என்றார் அவர். "போறவன் வர்றவன் எல்லாம் சிரிக்கிறான். நான் ஆபீஸ் பேச்சைக் கேட்டு விதைச்சேனாம். அறுபது வருஷமாக் காப்பாத்தின பேரு."

"பையை என்ன பண்ணீங்க?"

"பரண்ல இருக்கு. பிரிக்கவே இல்ல. வேணும்னா திருப்பி எடுத்துட்டுப் போங்க."

ஜீப்பிலிருந்து அதிகாரி இறங்கினார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசியதில்லை. வயல்களை அவர் சாலையில் இருந்தபடிதான் பார்ப்பார். செருப்பில் சேறு படாமல் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு பார்ப்பார். நோட்டுக்காரியின் வயல் அரை மைல் உள்ளே இருந்தது; அங்கே பயிர் போனதைக் கேள்விப்பட்டதோடு சரி.

"ஐயா, பிரமாதமா வந்திருக்கே. எப்ப விதைச்சீங்க?" என்று கேட்டார்.

"மழை விட்டப்புறம்."

"என்ன ரகம்?"

"எங்கப்பா ரகம்."

அதிகாரி சிரித்தார். "எவ்வளவு அடக்கம் பாரும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, கையிலிருந்த தாளில் 'முன்கூட்டியே விதைப்பு, புதிய ரகம்' என்று எழுதினார்.

"நான் சொன்னது கேக்கலையா உங்களுக்கு?" என்றார் எதிர்க்கட்சி.

"கேட்டுதுங்க. தேதி எல்லாம் உங்களுக்கு முன்ன பின்ன இருக்கும். அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

எதிர்க்கட்சி தலையில் அடித்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனார். வாழ்நாள் முழுக்க மறுத்தே பழகிய மனிதரின் மறுப்பையும் இவரால் சம்மதமாக்க முடிகிறது. அதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அதிகாரி தாளை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து, பேனாவை நீட்டினார். "களப்பணியாளர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நாளைக்கே மேல அனுப்பணும்."

அவள் படித்தாள். முறைப்படி விதைத்த வயல் ஒன்று, மகசூல் மிகச் சிறப்பு. முறையைப் பின்பற்றாத வயல் ஒன்று, பயிர் சேதம், மறுவிதை வழங்கத் தேவையில்லை. பரிந்துரை: அடுத்த பருவத்தில் முந்நூறு குடும்பங்களுக்கும் விரிவுபடுத்தலாம்.

"சார், ரெண்டும் மாறியிருக்கு."

"எது?"

"பயிர் போனவங்கதான் சொன்னபடி செஞ்சாங்க. தேதி போட்டு எழுதி வச்சிருக்காங்க. இவர் எதுவும் செய்யல."

அதிகாரியின் முகத்தில் கோபமில்லை. உண்மையாகவே புரியாத முகம். "முறைப்படி செஞ்சா எப்படிம்மா பயிர் போகும்?"

"களிமண் சார். தண்ணி நிக்கும்."

"எங்கேயாவது கோட்டை விட்டிருப்பாங்க. நீ போய்க் கேளு. அவங்களே ஒத்துப்பாங்க."

ஒத்துக்கொண்டாயிற்று. ஆறாம் நாள், சாயங்காலம். இவர் கேட்டால் அக்கா நோட்டைப் பிரித்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தே காட்டுவார். தன் பெயரைத் தானே பட்டியலிலிருந்து அடிப்பார், அதற்கு நன்றியும் சொல்வார். அவருக்கு இது எளிது. இவளுக்கும் இதுவரை எளிதாகத்தான் இருந்தது. 'இவகிட்ட வீட்டை எழுதிக் குடுன்னு கேட்டாலும் எந்தப் பக்கத்துல கையெழுத்துன்னுதான் கேப்பா' என்று வீட்டில் அவள் அத்தான் கேலி செய்வார். எல்லாரும் சிரிப்பார்கள். சேர்ந்து அவளும் சிரிப்பாள்.

"என்னம்மா யோசனை? கையெழுத்துதானே?"

அவள் பேனாவை மூடி, தாளின் மேல் உருண்டுவிடாமல் வைத்தாள்.

"நான் போடல சார்."

"கோபமா?"

"இல்ல சார். போடல."