பதினாறு நாள்

திருநாவுக்கரசு நாற்காலியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்து, கடைசியில் வாசற்படிக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். இறந்தது தம்பி நரசிம்மன்தான் என்றாலும், துக்கம் கேட்க வருகிறவர்கள் முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும்.

"வா தணிகாசலம். பையன் உள்ள கீறான். இன்ஜினியரு. யுனிவர்சிட்டிலயே மொத ரேங்க்கு."

காலையில் காபி வந்தபோது அவர் வாயில் விமல் 'நல்லா படிக்கிறவன்'. எட்டு மணிக்குக் 'காலேஜ்லயே மொதல்'. இன்னும் நாலு பேர் வந்தால் அமெரிக்காவுக்கே போய்விடுவான் என்று நரசிம்மனின் மகள் ஏலவார்குழலி நினைத்துக்கொண்டாள்.

அவள் தம்பி விமல் மொட்டைத் தலையோடு நெல் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கியிருந்தான். பரீட்சை ஹாலில் ஒரு வரிகூட எழுத முடியாமல் எழுந்து வந்தவனை, 'உடல்நலக் குறைவு' என்று ஒரு வரி எழுதி ஹாஸ்டல் வார்டன் வீட்டுக்கு அனுப்பி நாலு மாதம் ஆகிறது. "செத்துடலாம்னு தோணுதுக்கா" என்று போன மாதம் சொன்னான். அதிலிருந்து செவ்வாய்தோறும் அப்பா அவனை மெட்ராஸில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். ஊருக்குப் 'புராஜெக்ட்' என்று சொல்லி வைத்திருந்தார். போன வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

சனிக்கிழமை கொள்ளி வைத்துவிட்டு வந்தவன் பேசவில்லை, சாப்பிடவில்லை. இன்று செவ்வாய்.

குழலி அவனுக்குச் சட்டையை மாட்டி வாசலுக்கு அழைத்து வந்தாள். அது தொண்ணூற்றொன்று, போலீஸ் பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதித்த வருஷம். ஒன்பதரை பஸ்ஸை விட்டால் டாக்டரைப் பிடிக்க முடியாது.

"பெரியப்பா, கொஞ்சம் வழி வுடுங்க."

"இன்னாம்மா இது? கொள்ளி வெச்சவன் கருமாதி முடியாம வூட்ட வுட்டுப் போவலாமா? பதினாறு நாள் உள்ளதான்."

"டாக்டராண்ட போவணும்."

"ஜொரமா?"

"இல்ல. மனசு சரியில்ல. நாலு மாசமா காலேஜுக்கே போவல. அப்பாதான் கூட்டினு போய்கினு இருந்தாரு."

"மொத ரேங்க்குன்னியே?" என்று திருநாவுக்கரசைப் பார்த்தார் தணிகாசலம்.

"ஏண்டி, ஊரு சிரிக்கவா?" உள்ளேயிருந்து அம்மா கனகத்தின் குரல்.

"படிச்சி படிச்சி மூள சூடாயிடுச்சு. பெரிய படிப்பு இல்ல?" என்று தணிகாசலத்துக்குப் பதில் சொன்ன திருநாவுக்கரசு, கால்களை நீட்டி வாசற்படியை அடைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதினாறு முடியட்டும். சோளிங்கர் மலைக் கோயிலுக்குக் கூட்டினு போனா தெளிஞ்சிடுவான்."

"பதினாறு நாள் இவன் இருக்கணுமே, பெரியப்பா."

மண்ணூர் கூட்டுரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. காலை மடக்குவார் என்று குழலி பார்த்தாள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அவள் புடவையைச் சற்றே தூக்கிப் பெரியப்பாவின் கால்களைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். கனகம் வாயைப் பொத்திக்கொண்டாள். குழலி திரும்பி நின்று கையை உள்ளே நீட்டினாள்.

விமல் குனிந்து அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அக்காவின் நீட்டிய கையைப் பார்த்துவிட்டு, ஒரு செருப்பை மட்டும் மாட்டினான்.