சென்சாருக்கு வைத்த பொட்டு

1

இந்தக் கதை ஒரு ஷட்டர் மெக்கானிக்கிடமிருந்து எனக்குக் கிடைத்தது. நானே உட்கார்ந்து யோசித்துப் பிடித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மஹபூப் பாஷா ஆம்பூரிலேயே இருக்கிறார், கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவர், நாளைக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவார்.

எங்கள் வீட்டு ஓனரின் கார் ஷெட் ஷட்டருக்கு கிரீஸ் வைக்க வந்தவர், ஏணி மேல் நின்றபடியே சொன்னார்: "ஆயுத பூஜைக்கு மறுநாள் மட்டும் நான் போனை ஆஃப் பண்ணிடுவேன் சார். எல்லாம் ஒரே கம்ப்ளெயின்ட்டு. ஷட்டர் எறங்குது பாய், பாதில நின்னு திரும்ப ஏறிக்குதுன்னு. போய்ப் பார்த்தா சென்சார் கண்ணு மேல சந்தனம், அதும் மேல குங்குமம். கண்ணை மூடிட்டா அது இன்னா பண்ணும் பாவம்."

மோட்டார் ஷட்டரின் இரண்டு பக்கமும், முழங்கால் உயரத்தில், எதிரெதிராக இரண்டு சின்னக் கண்கள் வைத்திருப்பார்கள். நடுவில் குழந்தையோ நாயோ நின்றால் ஷட்டர் தரைவரைக்கும் இறங்காது. பாதியில் நின்று மேலே போய்விடும். நடுவில் யாருமே இல்லாமல் கண்ணின் மேல் சந்தனம் இருந்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

ஒரு கதைக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தேன். (போதவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "தோல் பதனிடும் வாசனையோடு ஆம்பூர் விழித்துக்கொண்ட அந்தக் காலைப்பொழுதில்..."

வேண்டாம். ஆம்பூரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் மூக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குக் கண் காது எல்லாம் இருக்கிறது.

இரண்டாவது தொடக்கத்தில், மூன்றாவது வரியிலேயே பிரியாணி வந்துவிட்டது. எழுதியவனுக்குப் பசி. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "ரிமோட் முனிரத்தினத்தின் சாவிக்கொத்தில்தான் தொங்கியது." இது இருக்கட்டும். இதில் கொஞ்சம் கதை இருக்கிறது.

3

ரிமோட் முனிரத்தினத்தின் சாவிக்கொத்தில்தான் தொங்கியது. சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியது. ஆகவே அவர் இல்லாமல் அந்த வீட்டுக் கார் வெளியே போனதில்லை.

ஷூ கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர் அவர். மனைவி விஜயகுமாரி, பிள்ளை செந்தில்குமார் ஓசூரில் வேலைக்குப் போன பிறகு, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தவள். எடுத்தாளே தவிர, ஓட்டியது தெருமுனை வரைக்கும்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும் முனிரத்தினம், தெருமுனை வந்ததும் "தள்ளு, நான் எடுக்கிறேன்" என்பார். ஹைவேயை அவள் இடது பக்கத்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

அப்புறம் ஷட்டர் புத்திசாலி ஆயிற்று. செந்தில்குமார் ஒரு சின்னப் பெட்டியை வாங்கி அனுப்ப, மஹபூப் பாஷா வந்து அதைப் பழைய மோட்டாரோடு இணைத்தார். பழைய ரிமோட் ஒரு பக்கம் வேலை செய்ய, அதோடு போனிலும் திறக்கலாம், மூடலாம். ஊரில் இருந்தாலும் சரி, டெல்லியில் இருந்தாலும் சரி. ஷட்டர் ஏறினால் இறங்கினால் போனுக்குத் தகவலும் வரும். மெஷின் என்றால் முனிரத்தினத்துக்கு உயிர். பாஷா பக்கத்திலேயே நின்று ஸ்குரூ எடுத்துக் கொடுத்தார். இரண்டு போனிலும் அந்த பட்டன் ஏறியிருக்கிறது என்பது, பாஷா டீ குடித்துவிட்டுப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"உன் போன்ல எதுக்கு?" என்று கேட்டார்.

"புள்ளதான் போடச் சொன்னான்" என்றாள் விஜயகுமாரி. சொல்லிவிட்டு ஷட்டரை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். அது சரியாக இருக்கிறதா என்று பார்த்தாளாம்.

(வாசகருக்கு ஒரு வார்த்தை: இந்தக் கதையில் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். விஜயகுமாரி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு ஹைவேயில் போவாளா, மாட்டாளா. ஷட்டரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.)

4

ஆயுத பூஜை அன்று முனிரத்தினம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுக்க நடந்தார். கேஸ் அடுப்பு, மிக்ஸி, தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர், காரின் நாலு சக்கரம், ஷட்டர் மோட்டார், அதன் புதுப் பெட்டி, ரிமோட். விஜயகுமாரியின் போனுக்கு நட்டநடு ஸ்கிரீனில் வைத்தார். அவள் அதை முந்தானையில் துடைத்துவிட்டு, பின்பக்கம் வைக்கச் சொன்னாள். கடைசியாக ஷட்டரை மூடிவிட்டு, குனிந்து, சென்சார்கள் இரண்டுக்கும் வைத்தார். படையல் போட்டாயிற்று, அன்றைக்கு எந்தச் சாமானையும் யாரும் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. கலவையில் விஜயகுமாரியின் தங்கை மோகனா வீட்டில், பேரனுக்கு அரிசியில் எழுத்து தொடங்குகிறார்கள். பெரிய பாட்டிதான் விரல் பிடித்து எழுத வைக்கவேண்டும் என்று ஏற்பாடு.

காலையில் விஜயகுமாரி போனில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, அதன் வாசலில் கோலம் போட்டாள். முனிரத்தினம் புதிதாகச் சந்தனம் குழைத்து, எலுமிச்சம்பழத்துக்கு வைத்து, சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். விஜயகுமாரி போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். தெருமுனை வரைக்கும்தானே என்று அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பழங்கள் நசுங்கின, கார் வெளியே வந்தது. அவள் போனை அழுத்தினாள். ஷட்டர் பாதி இறங்கி, நின்று, மேலே போனது.

"இன்னாங்க இது. எறங்கி எறங்கி ஏறுது."

"இரு, பார்க்கலாம்." மோகனா வீட்டுக்கு வாங்கிய பழப்பையைக் கையில் வைத்துக்கொண்டே முனிரத்தினம் மோட்டாரை அண்ணாந்து பார்த்தார்.

"பாஷா அண்ணனுக்குப் போன் போடுங்க."

போட்டார். ஸ்விட்ச் ஆஃப்.

"செயினப் புடிச்சு இழுத்து எறக்கிடலாமா?"

"வேணாம் வேணாம். செயின்ல கை வச்சா செட்டிங்கே கலைஞ்சிடும்."*

(* பாஷாவிடம் இதைக் கேட்டேன். "எவன் சொன்னது? கரண்டு போனா எறக்கறதுக்குத்தான சார் செயினே குடுத்திருக்காங்க" என்றார்.)

அந்த வீட்டில் ஷெட்டிலிருந்து உள்ளே போகிற கதவுக்குப் பூட்டு கிடையாது. ஷட்டர்தான் பூட்டு. அது திறந்திருந்தால் வீடே திறந்திருக்கிற மாதிரி. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது மோகனாவின் போன் வந்தது.

"அக்கா, கெளம்பினீங்களா? கொழந்த அரிசில வெரல வச்சிக்கினு ஒக்காந்துனு இருக்கான். எழுதட்டா எழுதட்டான்னு பேஜார் பண்றான்."

"இதோ" என்றாள் விஜயகுமாரி.

முனிரத்தினம் மோட்டாரைப் பார்த்தபடியே சொன்னார்: "தொறந்து போட்டுட்டு எப்படிப் போறது. யாராச்சும் ஒருத்தர் இருக்கணும்."

"அப்ப நீங்க இருங்க."

அவர் வாயைத் திறந்தார். "ஹைவே..." என்றார்.

"தெரியும்."

"பள்ளிகொண்டா டோல்கேட்டுல லேன் மாறாத."

"மாறல."

"ஓட்டும்போது போனை எடுக்காத. லாரி பின்னாலயே போவாத."

"பழப்பைய குடுங்க."

கொடுத்தார். அவள் அதைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். அவருடைய சீட். கனத்தைப் பார்த்து ஆள்தான் உட்கார்ந்திருக்கிறது என்று கார் கீச்சுகீச்சென்று கத்தியது. விஜயகுமாரி பைக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். தெருமுனையில் கொஞ்சம் நின்றது. பழக்கதோஷம். பிறகு ஹைவே பக்கம் திரும்பிப் போய்விட்டது.

5

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

முனிரத்தினம் மெயின்டனன்ஸ் ஆள். தோல் வெட்டுகிற மெஷினிலும் இதே மாதிரிக் கண் உண்டு, கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். ஆயுத பூஜை அன்று அதற்கும் பொட்டு வைப்பது ஃபோர்மேன்தான். மறுநாள் காலையில், மெயின் ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால், பனியன் துணியோடு போய் ஒவ்வொரு கண்ணையும் துடைப்பதும் அதே ஃபோர்மேன்தான். அவர் சர்வீஸ் முழுக்க இதைச் செய்தவர். அப்படியென்றால் பொட்டு வைத்ததில் தப்பில்லை. துடைக்காததுதான் கேள்வி.

அவரையே கூப்பிட்டுக் கேட்டேன். எழுதுகிறவனுக்கு அந்த வசதி உண்டு.

"வேணும்னுதான் தொடைக்கலையா?"

"மறந்துட்டேன் சார்."

"அவங்க போகக் கூடாதுன்னு விட்டீங்களா, போகட்டும்னு விட்டீங்களா?"

முனிரத்தினம் வேட்டி நுனியைச் சரிசெய்தார். "நீங்க எழுதறவரு. எனக்கு இன்னா தெரியும்."

இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது? அவளைப் போகவிடாமல் நிறுத்தப் பார்த்து, அது தன் தலையிலேயே விழுந்தது என்றால் சிரிப்புக் கதை. 'தனியாகப் போ' என்று வாயால் சொல்ல வராதவர், அந்த வேலையைச் சந்தனத்திடம் கொடுத்துவிட்டார் என்றால் வேறு கதை. வெறும் மறதி என்றால், கதையே இல்லை, பாஷாவுக்கு வந்த இன்னொரு கம்ப்ளெயின்ட். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அதே ஆள் அதே மாதிரிதான் அண்ணாந்து மோட்டாரைப் பார்க்கிறார்.

விஜயகுமாரியைக் கேட்கலாமே என்பீர்கள். அவள் என்னைக் கிட்டேயே சேர்க்கவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். போன் ஸ்கிரீனில் இருந்த பொட்டை உடனே துடைத்தவள் அவள். காலையில் கோலம் போட ஷட்டர் வாசலில் குனிந்தபோது, அந்தச் சென்சார் பொட்டு அவள் முகத்துக்கு நேரே இருந்திருக்கும். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

6

முடிவுகள்.

"வாணியம்பாடிப் பக்கமிருந்து அதிவேகமாக வந்த லாரி..." இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. பெண் ஒருத்தி முதல்முறை தனியாக வண்டி எடுத்தாலே கொண்டுபோய் எதிலாவது மோதிவிடுகிற கதைகள் ஜாஸ்தி. என் கதையில் பம்பரில் ஒரு கீறல்கூட விழாது. அதற்கு நான் பொறுப்பு.

இன்னொன்றில் பாஷா போனை ஆன் செய்து, வந்து, பொட்டைக் கண்டுபிடித்துச் சிரிக்கிறார். முனிரத்தினம் தலை குனிகிறார். அவர் தலை குனிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது. அதையும் கிழித்தேன்.

மிச்சமிருப்பது நடந்ததுதான்.

7

முனிரத்தினம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஷெட்டுக்குள் போட்டு உட்கார்ந்தார். காரில்லாத ஷெட் பெரிதாக இருந்தது. கோலத்தின் மேல் டயர் தடம் போயிருந்தது. எதிர்வீட்டு ஷஹீன் பானு மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, "இன்னா அண்ணே, அண்ணி மட்டும் போறாங்களா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, ஷட்டர் ரிப்பேரு" என்றார்.

அவருக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். எதுவும் ஆகாமல் போய்ச் சேர்ந்துவிடுவாளோ என்று இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது, அதை நினைத்து அவருக்கே வெட்கமாகவும் இருந்தது. இனி தெருமுனையில் யாரை 'தள்ளு' என்று சொல்வது?

உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஒரு பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்தார். குனிந்து, ஒரு கண்ணைத் துடைத்தார், அந்தப் பக்கம் போய் இன்னொன்றைத் துடைத்தார். சாவிக்கொத்தை எடுத்து ரிமோட்டை அழுத்தினார். ஷட்டர் ஒழுங்காக இறங்கித் தரையைத் தொட்டு நின்றது. ஷெட் இருட்டாயிற்று.

உடனே அவர் போன் சிணுங்கியது. 'ஷட்டர் மூடப்பட்டது' என்று தகவல்.

இதே தகவல் அவள் போனுக்கும் போயிருக்கும். பாஷாவும் வரவில்லை, யாரும் வரவில்லை, கார் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ரிப்பேரான ஷட்டர் தானாக மூடிக்கொண்டது என்று அவள் பார்ப்பாள். கூப்பிட்டுச் சொல்லலாமா? ஓட்டும்போது போனை எடுக்காதே என்று சொன்னவரே அவர்தான்.

நாற்காலியைத் தடவிப் பிடித்து இருட்டில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, டோல்கேட் தாண்டியிருப்பாள், ஆற்காடு வந்திருப்பாள் என்று மனசுக்குள் கூடவே ஓட்டிக்கொண்டிருந்தார். கால், இல்லாத பிரேக்கை மிதித்தது.

மோட்டார் உறுமியது.

அவர் எதையும் தொடவில்லை. சாவிக்கொத்து மடியில் இருந்தது, போன் தரையில் இருந்தது. ஷட்டர் தானாக ஏறியது. வெளிச்சம் முதலில் அவர் பாதத்துக்கு வந்தது, பிறகு வேட்டிக்கு, பிறகு முகத்துக்கு. முழுக்கத் திறந்து நின்றது. ஷஹீன் பானு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். விஜயகுமாரி எங்கோ வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, பட்டனை அழுத்தியிருக்கிறாள். போன் வரவில்லை. மெசேஜும் வரவில்லை.

என்ன சொல்கிறாள்? 'தெரியும்' என்றா? 'சொன்ன மாதிரி காவல் இருங்க' என்றா? 'வந்து சேர்ந்துட்டேன்' என்றா? எனக்குத் தெரியாது. காரில் என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. முன்னால் இருந்த ஒரு சீட்டிலும் பழப்பை பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

என்னால் முடிந்தது முனிரத்தினத்தோடு ஷெட்டில் நிற்பதுதான். அவர் ஒரு கையில் ரிமோட் இருக்கிறது. அழுத்தினால் ஷட்டர் மூடும், மூடியது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உள்ளே பூஜை அலமாரியில், காலையில் எலுமிச்சம்பழத்துக்குக் குழைத்த சந்தனம் மீதியிருக்கிறது. அதைக் கொண்டுவந்து இரண்டு கண்ணிலும் திரும்ப வைத்துவிட்டால், அவள் வரும் வரைக்கும் ஷட்டர் ரிப்பேர்தான். யார் கேட்டாலும் நாற்காலி போட்டுக் காவல் இருக்கலாம்.

அவர் உள்ளே எட்டிப் பார்க்கிறார், ரிமோட்டையும் பார்க்கிறார். பிறகு என் பக்கம் திரும்புகிறார். நான் உங்கள் பக்கம் கையைக் காட்டிவிட்டேன். சீக்கிரம் சொல்லுங்கள், சந்தனம் காய்ந்துகொண்டிருக்கிறது.