மெஷின் கதவில் ஒட்டிய காகிதம்

பதினெட்டு வருடமாக அடுத்தவர் அலுவலகங்களில் கூட்டம் நடத்திக் கொடுத்துப் பிழைக்கிறேன். வண்ண அட்டை, விசில், நூற்று நாற்பது ஸ்லைடு, எல்லாம் கைவசம். அத்தனையும் ஒரு சலவைக் கூடத்தில் மண்ணைக் கவ்வின. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடம் அது. ஆபரேஷன் தியேட்டருக்குக் காலை ஏழரைக்குள் போகவேண்டிய பச்சைத் துணி எட்டரைக்குத்தான் போய்ச் சேரும். ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் கூடத்தை மூடி, வேலையை வெளியே கொடுத்துவிடுவதாக டைரக்டர் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்யத்தான் என் கம்பெனி என்னை அனுப்பியது.

நான் அங்கே போன முதல் திங்கட்கிழமையே ஒன்றைப் பார்த்தேன். வேலை தொடங்குமுன் யாராவது தன் குறையை ஒரு காகிதத்தில் எழுதி மெஷின் கதவில் ஒட்டுவார். அக்கறை உள்ளவர்கள் அதன்முன் போய் நிற்பார்கள். தனக்கு அங்கே வேலையில்லை என்று பட்டால் அடுத்த கதவுக்கு நகர்ந்துவிடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தலைவரும் இல்லை, மைக்கும் இல்லை. நான் என் நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? 'ஒழுங்கில்லை. ஆட்கள் அலைகிறார்கள்.' என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

என் பயிற்சியின் மூன்றாம் நாள் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். துணி உலர்த்தும் டிரையரைப் பார்ப்பவர் எழுந்தார். எல்லோருக்கும் அவர் அக்காதான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா தியேட்டர் நர்ஸும் லிஃப்ட்காரரும் இங்க இல்லையே. அவங்களக் கூப்பிட்டு, எங்க வழக்கப்படி ஒரு தடவ நின்னு பேசிக்கிறோமே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்தேன்.

'பச்சைத் துணி ஏன் லேட்?' என்று எழுதி ஒட்டினார் அக்கா. நர்ஸ் வந்து நின்றார், லிஃப்ட்காரரும் வந்தார்.

"ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும் லிஃப்ட்ல சாப்பாட்டு வண்டிதான்," என்றார் லிஃப்ட்காரர். "துணி அப்ப வந்தா காத்துக்கிட்டு நிக்கத்தான் செய்யும்."

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?" என்றார் நர்ஸ்.

"யாரு கேட்டா?"

"அப்ப பச்சைத் துணிய முதல்ல உலர்த்திடறேன்," என்றார் அக்கா. "ஆறே முக்காலுக்கு வண்டி லிஃப்ட் வாசல்ல நிக்கும்."

நாற்பதே நிமிடம். மறுநாள் முதல் ஏழு மணிக்கே துணி தியேட்டரில் இருந்தது. நான் அசந்துபோனேன்.

என் முதலாளிக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடாதே," என்றார். "நம்ம ஏழு படி முறைனு போடு. அவங்களே பேசித் தீர்த்துக்கிட்டா நம்மள யாரு கூப்பிடுவா? வேலைய வெளிய குடுத்துட்டு, மேற்பார்வை நாம பாக்கறோம்னு சொல்லு."

அவராவது தெரிந்தே மறைக்கிறார். நான் கண்ணெதிரே நடந்ததையே பார்க்கவில்லையே. எங்களுக்கு வேலையில்லாத இடம் எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

டைரக்டர் அறையில், முதலாளியும் அக்காவும் உட்கார்ந்திருக்க, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். முதலாளியின் முகம் சுருங்கியது.

"சரி, கூடம் இருக்கட்டும்," என்றார் டைரக்டர். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "இதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

அக்கா முந்திக்கொண்டு சொன்னார்.

"குறுக்க வரல சார். படிச்சவங்களுக்கு அது லேசுல வராது."