குதிரையிடம் பேச வேண்டும்

எங்கள் பக்கம் மலை கிடையாது, மலை சைக்கிள் மட்டும் உண்டு. வடக்கு டகோட்டாவில் புல்வெளியை ஆறு அறுத்துப்போட்ட பள்ளங்களின் சரிவைத்தான் மலை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை வந்தால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூலியில்லாமல் அங்கே பாதை வெட்டுவோம். நடப்பவர், சைக்கிளில் வருபவர், குதிரையில் வருபவர் எல்லோருக்கும் அந்த ஒரே பாதைதான். பழைய டிராக்டர் வாங்கி விற்கிற வீட்டில் பிறந்த எனக்குக் கூலியில்லாத வேலை முதலில் நஷ்டக் கணக்காகத்தான் தெரிந்தது. வெட்டிய பாதையில் ஒருமுறை சைக்கிளில் சரிவு இறங்கியதும், அந்தக் கணக்கு மறந்துபோய்விட்டது.

எங்களுக்குத் தலைவன் வெர்லின். அவனிடம் ஒரு முழு வாக்கியம் வாங்குகிற நேரத்தில் நான் ஒரு டிராக்டரை விற்றுவிடுவேன். வீடு பற்றி எரிந்தாலும், "கொஞ்சம் சூடாத்தான் இருக்கு" என்பான். அவனை மட்டும் குறை சொல்லக் கூடாது, எங்கள் ஊரே அப்படித்தான். நார்வேயிலிருந்து வந்த முன்னோர்கள் பெட்டி படுக்கையை மட்டும் கப்பலில் ஏற்றி, பேச்சைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள்.

பாதை வடக்கே ஒரு துண்டு, தெற்கே ஒரு துண்டு என்று நின்றது. நடுவில் ஆர்லிஸின் மேய்ச்சல் நிலம். அவள் சம்மதித்தால் முழுப் பாதை. இல்லையென்றால் இரண்டு முட்டுச்சந்து. வெர்லினின் இத்தனை வருட உழைப்பும் வேலி ஓரத்தோடு சரி.

அவளைக் கேட்க என்னை அனுப்பினான். ஆர்லிஸ் தொழுவத்தில் தன் குதிரை பிஸ்கட்டுக்குக் குளம்பு சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு பக்கமும் வெட்டி முடிச்சப்புறம்தான் நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சாக்கும்? அவன் ஏன் வரல?"

"கூச்சம்."

"பக்கத்து வேலிக்காரன். என்கிட்ட என்ன கூச்சம்?" குளம்பை டொக்கென்று கீழே விட்டாள். "சரி. சனிக்கிழமை பிஸ்கட்டைக் கூட்டிக்கிட்டு உங்க வடக்குப் பாதைக்கு வர்றேன். எதிர்ல எல்லாரும் சைக்கிள்ல வாங்க. இவ மிரண்டா அதோட பேச்சு முடிஞ்சுது. இன்னொண்ணு, நீ வாயைத் தொறக்கவே கூடாது. போன தடவ நீ பேசிப் பேசி என் தலையில கட்டின வைக்கோல் மெஷின் இன்னும் கொட்டாயில தூங்குது."

"அது நல்ல மெஷின், ஆர்லிஸ்."

"பாத்தியா? ஆரம்பிச்சுட்ட!"

குதிரை எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இறங்கணும், பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கி நிற்கணும், குதிரையிடம் பேசணும். ஹெல்மெட்டும் சக்கரமுமாக நிற்பது ஏதோ புது மிருகமில்லை, மனுஷன்தான் என்று அதற்குக் குரலை வைத்துத்தான் புரியும்.

சனிக்கிழமை சரிவின் வளைவில் பிஸ்கட் வந்தாள், மேலே ஆர்லிஸ். நாங்கள் இறங்கினோம். வரிசையாக ஒதுங்கினோம். மாதா கோவிலில் ஜெபத்துக்கு நிற்பதுபோல் அத்தனை மரியாதையாக நின்றோம். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை.

பிஸ்கட் பார்த்தாள். வண்டுத் தலையோடு ஒரு வரிசை மூச்சு விடாமல் தன்னையே முறைக்கிறது. காதைப் பின்னால் மடக்கினாள், மூக்கால் சீறினாள், பின்னங்காலால் சரிவைத் தடவினாள். ஆர்லிஸ் கடிவாளத்தை இறுக்கினாள். எனக்கு நாக்கு துடித்தது. ஆயிரம் வார்த்தை வைத்திருக்கிறவன் நான், எனக்குப் போய்த் தடை!

வெர்லின் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"பிஸ்கட், நான் வெர்லின். பக்கத்து வேலி."

ஒரு காது முன்னால் வந்தது. அவன் நிறுத்தினான். காது மறுபடி மடங்கியது. நிறுத்தினால் ஆகாது என்று அவனுக்கே புரிந்துவிட்டது.

"மழை பத்தல. கோதுமை பரவால்ல." வானிலை தீர்ந்துவிட்டது. "இந்த வளைவை வெட்டினோம், இடிஞ்சுது, திரும்ப வெட்டினோம். அப்புறம்... உன் எஜமானியம்மாவை மொதல்லயே கேட்டிருக்கணும். முடியாதுன்னுடுவாளோன்னு பயம். ரெண்டு பக்கமும் வந்து நின்னுட்டா, பாவம்னு அவளே விட்டுடுவான்னு நெனச்சேன். அது தப்பு, பிஸ்கட். அவ நிலம். வெட்டுறதுக்கு முன்னாடி கேக்கணும். எனக்கு மண்ணு வெட்ட வருது, கேக்க வரல."

அவன் வாழ்நாள் கையிருப்பே அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். பிஸ்கட் கழுத்தைத் தாழ்த்தி, சப்புக்கொட்டி, அவன் சட்டைப் பையை முகர்ந்தாள்.

"குதிரைகிட்ட சொன்னது போதும், என்கிட்ட கேளு," என்றாள் ஆர்லிஸ்.

வெர்லின் காது நுனி வரை சிவந்துபோனான். "ஆர்லிஸ், உன் நிலத்து வழியா பாதை போட்டுக்கலாமா?"

"போட்டுக்க. ஆனா நேரா வெட்டாத. மாடு தண்ணி குடிக்கிற குட்டையைச் சுத்திப் போகணும். வேலியில வைக்கிற கதவு தானா சாத்திக்கணும்."

"சுத்திப் போனா வேலை ஜாஸ்தி, குறுக்கே ஒரு..." என்று நான் தொடங்கினேன்.

"உன்னை யாரு கேட்டா?" என்று ஆர்லிஸும் வெர்லினும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பிறகு பிஸ்கட் மெல்ல வரிசையைக் கடந்தாள். இப்போது ஒவ்வொருவராக அவளிடம் பேசினார்கள். லவோன் தன் முழங்கால் வலியைச் சொன்னாள். அவள் கணவன் ஆர்டன், லவோன் செய்யும் கேக்கில் சர்க்கரை எப்போதுமே குறைச்சல் என்று முறையிட்டான். லவோன் பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆர்லிஸ் அவசரமே படவில்லை. வரிசையின் கடைசி வரை போனாள், குதிரையைத் திருப்பினாள், மிச்சத்தையும் கேட்க மறுபடி வரிசையோடு வந்தாள்.